இரசம் நீங்கிய பின்னும் மில்லிமீற்றர்

பௌதிகவியலிற் பயின்றுவரும் கணியங்களுள் அமுக்கத்தைப் போன்று அலகுகள் மலிந்த கணியம் பிறிதொன்று இருத்தல் அரிது. நீளத்துக்கு மீற்றரும் திணிவுக்குக் கிலோகிராமும் மெற்றிக் முறையில் ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றுவிட்டன. அமுக்கத்துக்கோ அம்முறையின் எல்லைக்குள்ளேயே பஸ்கால், கிலோபஸ்கால், ஹெக்டோபஸ்கால், பார், மில்லிபார், வளிமண்டலம், தொர், இரச மில்லிமீற்றர், நீர்ச் சதமமீற்றர், சதுர சதமமீற்றருக்குக் கிலோகிராம் நிறை எனப் பத்துப் பெயர்கள் வழங்குகின்றன. இறாத்தலும் அங்குலமும் கலந்த ஆங்கில அலகுகள் இக்கணக்கிற் சேரா.

இவற்றுக்கிடையிலான தொடர்பு பாடநூல்களின் இறுதிப் பக்கத்தில் ஓர் அட்டவணையாக ஒதுக்கப்பட்டிருக்கும். மாணவர் பரீட்சைக்கு முன்னாள் அதனை ஒருமுறை நோக்குவர். வேண்டிய காரணியாற் பெருக்குவர். விடயம் அத்துடன் முடிந்தது எனக் கொள்வர். ஆசிரியரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. பெருக்கல் எவராலும் செய்யக்கூடியது; இன்று கையடக்கக் கணிப்பான் அதனையும் செய்துவிடுகின்றது. ஆயினும் அமுக்க அலகு மாற்றத்தில் நேரும் வழுக்களுட் பெரும்பாலானவை பெருக்கலில் நேர்வன அல்ல. எந்தக் கருவியால் அளந்தது, எந்தப் பூச்சியத்திலிருந்து அளந்தது என்னும் வினாக்களை எழுப்பாமல் விடுவதால் நேர்வனவே அவை. அட்டவணை இவ்விரண்டையும் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.

அமுக்கம் முதலில் ஒரு நீளமாகவே அளக்கப்பட்டது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. உறிஞ்சற் பம்பி ஏறத்தாழப் 10 மீற்றருக்கு மேல் நீரை உயர்த்த மறுக்கின்றது என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தமது நூலிற் குறிப்பிட்டார். அவருடைய இறுதிக் காலத்தில் உடனிருந்த தொரிசெல்லி, நீரினும் 13.6 மடங்கு அடர்த்தி மிக்க இரசத்தைக் கொண்டு அவ்வினாவை ஒரு மேசையளவுக்குச் சுருக்கினார். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசம் ஏறத்தாழ 76 சதமமீற்றர் உயரத்தில் நின்றது. மானிடர் வளிக்கடலொன்றின் அடித்தளத்தில் வாழ்கின்றனர் என்னும் கருத்தை அவர் 1644ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தம் நண்பர் றிச்சிக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார்.

வளிக்கு நிறை உண்டெனின் மேலே செல்லச் செல்ல இரசம் தாழவேண்டும். இதனை மெய்ப்பிக்க விரும்பிய பிளேய்ஸ் பஸ்கால் நோயாளி, பாரிசில் இருந்தவர். மலையோ அவர் பிறந்த ஊராகிய கிளேர்மோனுக்கு அண்மையிலுள்ள புய் த டோம். எனவே அவர் அவ்வூரில் வாழ்ந்த தம் தமக்கையின் கணவர் பெரியேயிடம் அப்பணியை ஒப்படைத்தார். யாழ்ப்பாண வழக்கிற் கூறின், அத்தானுக்குக் கடிதம் எழுதி வேலை வாங்கினார் எனலாம். அத்தானும் உடனே மலையேறிவிடவில்லை. கடிதம் சென்று பத்து மாதங்கள் கழிந்த பின்னரே, 1648 செப்ரெம்பர் 19ஆந் திகதி, ஏறினார். உச்சியில் இரசம் அடிவாரத்திலும் பார்க்க ஏறத்தாழ 8 சதமமீற்றர் தாழ்ந்து நின்றது. அவர் செய்த செயல்களுள் மிக நுட்பமானது மலையுச்சியில் நிகழ்ந்ததன்று. ஒரு குழாயை அடிவாரத்து மடாலயத் தோட்டத்தில் நிறுத்தி, நாள் முழுவதும் அதனை நோக்கியிருக்குமாறு ஒரு துறவியை அமர்த்திச் சென்றார் அவர். அத்துறவியின் குழாயில் இரசம் அசையவில்லை. அதனாலேயே மலையில் நேர்ந்த மாற்றம் மலையினால் நேர்ந்தது எனக் கூற முடிந்தது.

இவ்வாறு பிறந்த அலகு நீளத்தின் அலகு. இத்தனை மில்லிமீற்றர் இரசம் என்பது ஒரு குழாயில் நிற்கும் உயரம். அமுக்கம் என்பது பரப்பின் மீது பரந்த விசை என்னும் வரைவிலக்கணத்துக்கும் அதற்கும் இடையில் இரசத்தின் அடர்த்தியும் புவியீர்ப்பும் நிற்கின்றன. 1971இல் நிறைகள், அளவைகள் பற்றிய 14ஆவது பொது மாநாடு சதுர மீற்றருக்கு ஒரு நியூற்றன் என்னும் அலகுக்குப் பஸ்காலின் பெயரைச் சூட்டியபோது, இரசமும் குழாயும் அற்ற தூய அலகொன்று உலகுக்குக் கிட்டியது. ஆனால் அவ்வலகு மிகச் சிறியது. சதுர மீற்றருக்கு 80 கிராம் திணிவுள்ள சாதாரண எழுதுதாள் ஒன்று மேசை மீது கிடக்கும்போது மேசையின் மீது சுமத்தும் அமுக்கம் ஏறத்தாழ 0.8 பஸ்கால். இவ்வளவு மெல்லிய அலகாற் சூறாவளியையும் கொதிகலனையும் அளக்கப் புகின் எண்கள் நீளுகின்றன. ஆகவே கிலோ, மெகா முதலிய முன்னொட்டுகள் வந்தன. அவற்றோடு 100,000 பஸ்காலுக்குச் சமமான பாரும் விடாது உடன் வந்தது. வானிலையாளர் 1980களில் மில்லிபாரைக் கைவிட்டு ஹெக்டோபஸ்காலை ஏற்றனர். இரண்டும் ஒன்றே; 1,010 மில்லிபார் 1,010 ஹெக்டோபஸ்கால் ஆயிற்று. பெயர் மாறி எண் மாறாத இம்மாற்றம் எவரையும் வருத்தவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி பற்றிய மில்லிபார்க் குறிப்புகளை இன்றைய மாணவர் அப்படியே படிக்கலாம்.

இரச மில்லிமீற்றரின் கதை வேறு. அட்டவணை அதற்கு 133.322 பஸ்கால் எனப் பெறுமானம் தருகின்றது. இவ்வெண் எவ்வாறு வந்தது என வினவுவோர் சிலரே. இரசத்தின் அடர்த்தி கன மீற்றருக்கு 13,595.1 கிலோகிராம் எனவும், ஈர்ப்பு ஆர்முடுகல் 9.80665 எனவும் கொண்டு கணித்த பெறுமானம் அது. முன்னையது 0 பாகை செல்சியசில் இரசத்துக்கு உரியது. பின்னையது ஏறத்தாழ 45 பாகை அகலக்கோட்டிற் கடல் மட்டத்துக்கு உரியது. அதாவது, பனி உறையும் குளிரில் ஐரோப்பாவின் நடுப்பகுதியில் நிற்கும் ஓர் இரச நிரலே அட்டவணை அறிந்த இரச நிரல்.

கொழும்பிலோ பேராதனையிலோ ஆய்வுகூடச் சுவரில் தொங்கிய பாரமானி அதுவன்று. 30 பாகையில் இரசம் விரிந்து அடர்த்தி குறைகின்றது. ஆதலால் அதே அமுக்கத்தைத் தாங்குவதற்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் கூடுதலாக உயர்ந்து நிற்கின்றது. இலங்கையின் அகலக்கோட்டில் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.78 அளவினது, அதன் பொருட்டு மேலும் 2 மில்லிமீற்றர் உயர்கின்றது. இவ்விரு வழுக்களும் ஒன்றையொன்று ஈடுசெய்தால் நன்றாயிருந்திருக்கும். அவை ஒரே திசையில் இணைகின்றன. எனவே உண்மையில் 760 ஆக இருக்கவேண்டிய வாசிப்பு இந்நாட்டில் 766 எனத் தோன்றும். 6 மில்லிமீற்றர் தானே எனக் கூறுவதற்கில்லை. அது 8 ஹெக்டோபஸ்கால். அயன வலயத்தில் வளிமண்டல அமுக்கம் நாளுக்கு இருமுறை கடலின் வற்றுப்பெருக்குப் போல ஏறி இறங்குகின்றது. காலை 10 மணியளவில் உச்சமும் மாலை 4 மணியளவில் இழிவும் காணப்படும். அவ்வேற்ற இறக்கத்தின் வீச்சே ஏறத்தாழ 3 ஹெக்டோபஸ்கால்தான். திருத்தப்படாத வாசிப்பை 133.322ஆற் பெருக்கி, விடையை ஆறு இலக்கங்களுக்கு எழுதும் மாணவனின் கணிதத்திற் குறையில்லை. ஆயின் அவன் பெருக்கியது அளவிடையின் மில்லிமீற்றரை. பெருக்கியிருக்க வேண்டியது அலகாகிய மில்லிமீற்றரை. ஒரே சொல் இரு பொருள்களைக் குறித்து நிற்கும்போது அட்டவணை அவனுக்குத் துணைசெய்ய மாட்டாது.

இரச மில்லிமீற்றருக்கும் தொருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வேடிக்கையாக இங்கு சுட்டலாம். தொர் என்பது நியம வளிமண்டலத்தின் 760இல் ஒரு பங்கு. நியம வளிமண்டலமோ 1954இல் 101,325 பஸ்கால் என வரையறுக்கப்பட்டது. இரண்டு அலகுகளும் எழுபது இலட்சத்தில் ஒரு பங்களவே வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைக் கவனமாக மனனஞ் செய்து, மேற்கூறிய 6 மில்லிமீற்றரை மறந்துவிடும் மாணவரும் உளர்.

இனி, நெருங்கிய அலகுகளின் இடரைக் காண்போம். பஸ்காலையும் பாரையும் ஒருவன் மயங்கின் விடை இலட்சம் மடங்கு பிழைக்கும். அப்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பாரும் வளிமண்டலமும் அவ்வாறல்ல. ஒரு வளிமண்டலம் 1.01325 பார், சதுர சதமமீற்றருக்கு ஒரு கிலோகிராம் நிறை என்பது 0.980665 பார். மூன்றும் உடன்பிறந்தோர் போல முகம் ஒத்தவை. பழைய இயந்திரங்களின் மானிகளில் மூன்றாவது அலகு பரவலாகக் காணப்படுவது. புதிய மானிகள் பாரிலோ மெகாபஸ்காலிலோ அமைகின்றன. 10 எனக் காட்டும் பழைய மானிக்குப் பதிலாகப் புதியதொன்றைப் பொருத்தி, அதே 10இல் வைத்து இயக்கின், அமுக்கம் ஏறத்தாழ 2 சதவீதம் கூடிவிடும். எவரும் கவனியார். பெரும்பாலும் ஒன்றும் நேராது. அதனாலேயே அப்பழக்கம் நிலைத்துவிடும். வழு சிறிதாயிருப்பதால் அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு இது.

இரசாயன மாணவர் இதனை வேறொரு வடிவில் அறிவர். 0 பாகையில் ஒரு மூல் இலட்சிய வாயுவின் கனவளவு 22.4 லீற்றர் என்பது தலைமுறை தலைமுறையாகப் பயிற்றப்பட்ட எண். அது ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு உரியது. 1982இல் தூய, பிரயோக இரசாயனத்தின் சர்வதேச ஒன்றியம் நியம அமுக்கத்தை ஒரு பார் என மாற்றியமைத்தது. அதன்பின் அதே வெப்பநிலையில் அவ்வெண் 22.7. நீரின் கொதிநிலையும் ஒரு பாரில் 100 பாகையன்று, 99.6 பாகை. பழைய நூலில் வெப்பவியக்கத் தரவுகளையும் புதிய நூலிற் பிறவற்றையும் எடுத்து ஒரே கணக்கில் இடும் மாணவன் இரு வேறு நியமங்களைக் கலக்கின்றான். நூல்கள் இரண்டும் நியம அமுக்கம் என்னும் ஒரே சொல்லை அட்டையிற் பொறித்து நிற்கையில் அவனை நோவதிற் பயனில்லை.

பூச்சியம் பற்றிய வினாவைச் சுருங்கக் கூறலாம். காற்றுப்போன சில்லில் மானியை வைப்பின் அது பூச்சியம் காட்டும். உள்ளே ஒரு வளிமண்டல அமுக்கத்தில் வளி இருக்கவே செய்கின்றது. மானி காட்டுவது வெளியமுக்கத்துக்கு மேற்பட்ட மிகையை. 27 பாகையில் 2 பார் காட்டும் சில்லு வெயிலில் 57 பாகைக்குச் சூடேறின் மானி என்ன காட்டும்? 2ஐ வெப்பநிலை விகிதத்தாற் பெருக்குவோர் 2.2 என்பர். தனியமுக்கமாகிய 3.013ஐப் பெருக்கி, வெளியமுக்கத்தைக் கழித்தாற் கிடைப்பது 2.3. யேர்மன் பொறியியலாளர் ஒருகாலத்தில் அலகின் பெயரிலேயே ஓர் எழுத்தைச் சேர்த்து, இது தனியமுக்கம், இது மிகையமுக்கம் என வேறுபடுத்தினர். சர்வதேச அலகு முறை அதனை ஏற்கவில்லை. அலகு தூய்மையாயிருக்க வேண்டும், விளக்கம் கணியத்தின் பெயரில் அமைய வேண்டும் என்பது அதன் நெறி. நெறி சரியானதே. ஆயின் எழுத்து நீங்கியபோது பல இடங்களில் விளக்கமும் சேர்ந்து நீங்கிவிட்டது.

இவ்வினாக்கள் யாவும் ஒருங்கே வந்து சேரும் இடம் மருத்துவமனை. நம்மவர் பேச்சில் பிறசர் என்றால் அது பௌதிகக் கணியமன்று. ஒரு நோயின் பெயர். அவருக்குப் பிறசர் என்னும் ஆச்சி, அச்சொல்லோடு நூற்றைம்பது, நூற்றறுபது என எண்ணையும் சேர்த்தே கூறுவார். எதன் நூற்றைம்பது என அவரை எவரும் கேட்பதில்லை. அது இரச மில்லிமீற்றர். வளிமண்டலத்துக்கு மேற்பட்ட மிகை. தனியமுக்கத்திற் கூறின் 120 என்பது 880 ஆகிவிடும்; ஆச்சி மயங்கி விழுவார்.

குருதியமுக்கத்தை முதலில் அளந்தவர் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கில மதகுரு. 1733இல் வெளியான தமது நூலில், குதிரையொன்றின் நாடியிற் பொருத்திய கண்ணாடிக் குழாயில் குருதி ஏறத்தாழ 2.5 மீற்றர் உயர்ந்ததை அவர் விவரித்தார். நோயாளியின் கட்டிலருகே இத்துணை நெடிய குழாயை நாட்ட இயலாது. 1828இல் புவாசேயி இரசம் நிரம்பிய வளைகுழாயைப் பயன்படுத்தி அவ்வுயரத்தைக் கையளவுக்குக் குறைத்தார். 1896இல் இத்தாலியரான றீவா றொச்சி புயத்தைச் சுற்றி இறுக்கும் இறப்பர்ப் பட்டியை இரச நிரலோடு இணைத்தார். 1905இல் உருசியரான கொரொட்கோவ் அப்பட்டியின் கீழே நாடியின் ஒலியைக் கேட்கும் முறையைக் கண்டார். பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் மருத்துவர் இரசத்தின் மேற்பரப்பை நேரிற் கண்டு எண்ணை வாசித்தனர். அலகும் கருவியும் அங்கு ஒன்றாகவே இருந்தன.

பஸ்கால் வந்தபின் மருத்துவரும் மாறவேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. 120க்கு 80 என்பதை 16.0க்கு 10.7 எனக் கூறவேண்டும். கிலோபஸ்காலை 7.5ஆற் பெருக்கினால் இரச மில்லிமீற்றர் கிடைக்கும். இவ்வளவு எளிதாயிருந்தும் பெரும்பாலோர் மாறவில்லை. இதனை மருத்துவரின் பழமைப் பற்று எனப் பௌதிகவியலாளர் எள்ளுவதுண்டு. அவ்வெள்ளல் முற்றும் நியாயமன்று. ஒரு கிலோபஸ்கால் 7.5 மில்லிமீற்றருக்குச் சமமாதலால் முழு எண்கள் மருத்துவத் தேவைக்குப் போதா, தசமம் வேண்டும். வாய்மொழியாகவும், விரைவிலும், இரவு வேளையிலும் கூறப்படும் எண்ணில் தசமப் புள்ளி தவறிவிடுவது எளிது. 16.0 என்பது 160 எனக் காதில் விழுமாயின், அது பழைய அலகிலும் நம்பத்தக்க ஓர் எண்ணே. மருத்துவர் அஞ்சியது இதற்கெனின் அவ்வச்சம் அறிவுடையது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. உயர் குருதியமுக்கத்தின் எல்லையாக நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது 140க்கு 90. இவ்வெண்களின் உருட்சி எங்கிருந்து வந்தது? இயற்கை 140 என்னும் எண்ணை அறியாது. மருத்துவம் தொடக்கத்திலிருந்தே கிலோபஸ்காலிற் பழகியிருப்பின் அறிஞர்கள் 18.7 என்னும் எண்ணைத் தெரிந்திருக்க மாட்டார்கள்; 18 என்றோ 19 என்றோ வகுத்திருப்பர். 18 என்பது 135. 19 என்பது 142.5. எனவே 137 என வாசிக்கப்படும் ஒருவர் ஓர் அலகில் நோயாளி, மற்றோர் அலகில் நலமுடையவர். வாசிப்போரும் உருட்சியை விரும்புவோரே. கையால் எடுக்கப்படும் வாசிப்புகளிற் பூச்சியத்தில் முடிவன அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகின்றன என்பது நன்கறியப்பட்ட உண்மை. அலகு அளப்பதற்கு மட்டுமே பயன்படுகின்றது என்னும் நம்பிக்கை இவ்விடத்திற் சற்றே தளர்கின்றது. மேலும், புயம் இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சதமமீற்றர் தாழ்ந்திருப்பின் வாசிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் உயரும். காரணியின் மூன்றாம் தசம தானத்துக்காகச் சண்டையிடுவோர் நோயாளியின் கையை மேசை மீது வைத்துவிட்டுச் சண்டையிடுதல் நன்று.

இடர் மிக்க நெருங்கிய அலகுகள் மருத்துவமனையிலும் உள. இதயத்துக்குத் திரும்பும் குருதியின் அமுக்கமாகிய மைய நாள அமுக்கம் முன்னர் கட்டிலருகே நிறுத்திய நீர் நிரலால், நீர்ச் சதமமீற்றரில் அளக்கப்பட்டது. பின்னர் வந்த மின் உணரிகள் அதனை இரச மில்லிமீற்றரிற் காட்டின. ஓர் இரச மில்லிமீற்றர் 1.36 நீர்ச் சதமமீற்றர். ஒரு குறிப்பேட்டில் 8 என மட்டும் எழுதப்பட்டிருப்பின், அது நீர் அலகில் 8 ஆகவும் இருக்கலாம், 10.9 ஆகவும் இருக்கலாம். இரண்டும் உயிருள்ள மனிதனிற் காணத்தக்க பெறுமானங்களே. முறை மாறி வரும் தாதியும் மருத்துவரும், முன்னிரவில் 11 எனவும் விடியலில் 8 எனவும் கண்டால், நோயாளியின் நிலை மாறிவிட்டதெனக் கொண்டு நாளத்தினூடாகத் திரவம் ஏற்ற முற்படுவர். மாறியது கருவி மட்டுமே. பிரித்தானிய மருத்துவமனைகளில் குருதியிலுள்ள ஒட்சிசனின் பகுதியமுக்கம் கிலோபஸ்காலிலும் குருதியமுக்கம் இரச மில்லிமீற்றரிலும் எழுதப்படுவதுண்டு. அங்கு எண்கள் பெரிதும் வேறுபடுவதால் மயக்கம் குறைவு. ஒட்சிசன் 8 கிலோபஸ்கால் எனின் 60 மில்லிமீற்றர் என உடனே தெளிவர். மயக்குவன 8உம் 11உம் தான்.

இரசம் நச்சுப் பொருள். யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் அது விளைத்த துன்பத்தின் பெயரால் 2013இல் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கை, இரசப் பாரமானிகளையும் குருதியமுக்க மானிகளையும் உற்பத்தி செய்வதையும் வாணிபஞ் செய்வதையும் 2020உடன் நிறுத்துமாறு விதித்தது. மருத்துவமனைகளிலிருந்து இரசம் படிப்படியாக வெளியேறி வருகின்றது. அதன் இடத்துக்கு வந்த மின்கருவிகளின் உள்ளே நிரலும் இல்லை, உயரமும் இல்லை. பட்டியின் அமுக்கத்தை ஓர் உணரி மின்னழுத்தமாக மாற்ற, உள்ளிருக்கும் கணிப்பொறி அதனை 133.322ஐக் கொண்டு மில்லிமீற்றராக மொழிபெயர்த்துத் திரையில் இடுகின்றது. கைகளால் எவரும் செய்ய மறுத்த அலகு மாற்றம் இப்போது ஒவ்வொரு வாசிப்பிலும், எவரும் அறியாமல், நிகழ்கின்றது. திரையைப் பார்க்கும் ஆச்சி வழக்கம்போல் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு செல்கின்றார்.